கடல் தாண்டிய பிடிமண்

பினாங்கு வரைக்கும் கப்பலில் போய்த் திரும்பிய சோலைமலையையும் அவன் மனைவி செல்லத்தாயையும் எதிர்கொண்டு அழைக்கப் போடி பஸ் நிலையத்துக்கு ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. நாகப்பட்டினத்தில் இறங்கிய உடனே தந்தி கொடுத்திருந்தான். போகும்போது மாலை போட்டு அனுப்பிய பங்காளிகளில் ஒருவர் முகம்கூடத் தென்படவில்லை. குலசாமி கோயில் பூசாரி கண்ணுச்சாமி மட்டும் கடைவீதியில் எதிர்ப்பட்டார். அவரும் ஒதுங்கித்தான் நடந்தார். சோலைமலை மறித்துக் கேட்டதற்கு, குரங்கணிக்கு மேலே இருக்கும் அவனுடைய ஏலக்காய்த் தோட்டத்தில் பெரியப்பா மகன் மொக்கச்சாமி ஆள் விட்டுக் காய் எடுப்பதாகச் சொன்னார். என்ன காரணம் என்று கேட்டபோது, அதை அவனிடமே போய்க் கேட்டுக்கொள் என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்குக்கூடப் போகவில்லை. பெட்டியை மளிகைக் கடையொன்றில் வைத்துவிட்டு, குரங்கணி போகும் லாரியில் ஏறி, அங்கிருந்து மலைப்பாதையில் நடக்கத் தொடங்கினான் சோலைமலை. செல்லத்தாய் அவனுக்குப் பின்னால் நடந்தாள். அவனுக்குத் தெரியாத காரணம் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அந்தக் குடும்பத்தில் ஒருவன் ஊரை விட்டுப் போய் வேறு ஊரில் நிலைப்பதென்றால் அதற்கு முறை உண்டு. பங்காளிகளைக் கூட்டிச் சொல்ல வேண்டும். மலையடியில் இருக்கும் குலசாமி கருப்பு கோயிலில் பூசாரி கையால் பிடிமண் வாங்க வேண்டும். ஒரு பிடி மண்ணோடு சாமியும் கூட வரும். அந்த மண்ணை எங்கே வைத்து விளக்கேற்றுகிறானோ அதுதான் அன்றிலிருந்து அவன் ஊர். பழைய ஊரில் அவன் கும்பிடலாம், விருந்து உண்ணலாம், பங்கு கேட்க முடியாது. பிடிமண் எடுத்தவன் தோட்டம் பங்காளிகளைச் சேரும்.

புறப்படுவதற்கு முன் கோயில் வாசலில் நின்று சோலைமலை எல்லோரும் கேட்கச் சொல்லியிருந்தான். பினாங்கில் கடை வைத்திருக்கும் செல்லத்தாயின் தாய்மாமன் வீரணன் தொழிலில் கூட்டுச் சேரக் கூப்பிடுகிறார், ஊரைப் பார்த்துவிட்டு வருவதற்குத்தான் போகிறோம், பிடித்திருந்தால் திரும்பி வந்து முறைப்படி மண் வாங்கிக்கொண்டு போவோம் என்று. அவன் வாக்குக்கு மறுவாக்கு கிடையாது என்பது போடி முழுக்கத் தெரியும்.

செல்லத்தாய் கடலைக் கண்டவள் இல்லை. புறப்படுவதற்கு முதல் நாள் மாலை கோயிலைக் கூட்டும்போது ஒரு பிடி மண்ணை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். துணைக்குத்தான். வேறு நினைப்பு எதுவும் அப்போது இல்லை.

அந்த நினைப்பு பினாங்கில்தான் வந்தது. வீரணன் தன் கடைக்கு மேலே இருந்த மாடியறையை அவர்களுக்கு ஒழித்துக் கொடுத்தார். குழாயைத் திருகினால் தண்ணீர். தெருவெல்லாம் வெயில் படாத நடைபாதை. யாரும் யாருடைய மருமகள் என்று கேட்கவில்லை. கருவாட்டு வாசனையும் சீனக் கடைகளின் ஊதுபத்திப் புகையும் கலந்த அந்தக் காற்று அவளுக்கு இரண்டே நாளில் பழகிவிட்டது. இங்கேயே இருந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. தோன்றிய அன்று, அறைக்குப் பின்னால் இருந்த மண்சட்டியில் முடிச்சை அவிழ்த்துக் கொட்டி விளக்கேற்றிவிட்டாள். கடைக்கு வந்த, போடிக்குப் பக்கத்துத் தேவாரம் ஊர்க்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, கருப்பு இங்கேயும் வந்துவிட்டாரா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் இவர்களுக்கு முந்தைய கப்பலில் ஊர் திரும்பிவிட்டார்.

சோலைமலைக்கு அந்த ஊர் ஆகவில்லை. ஒரு நாள் பட்டப்பகலில் கடைக்கு எதிரே ஒரு ரிக்‌ஷாக்காரனை நாலைந்து பேர் வளைத்து வெட்டினார்கள். கழுத்திலும் கையிலும் விழுந்த வெட்டு. தெருவில் இருந்த கடைகளெல்லாம் மளமளவென்று பலகை அடைத்தன. வீரணனும் அடைத்தார். சோலைமலை பலகையைத் தள்ளிக்கொண்டு வெளியே போய், அந்த ஆளின் தலையை மடியில் வைத்துத் தண்ணீர் கொடுத்தான். தண்ணீர் கழுத்து வெட்டு வழியாகவே வெளியே வந்தது. துப்பாக்கியோடு வந்த சிப்பாய்கள் விசாரித்தபோது தெருவில் ஒருவருக்கும் வாய் இல்லை. இங்கே யாரும் யாருக்காகவும் கேட்க மாட்டார்கள், அதனால்தான் நிம்மதியாகப் பிழைக்கிறோம் என்றார் வீரணன். அன்று இரவே சோலைமலை முடிவு செய்துவிட்டான். கேட்க நாதியில்லாமல் சாகும் ஊரில் தன் பிள்ளைகள் பிறக்கக் கூடாது என்றான். செல்லத்தாய் எதிர்த்துப் பேசவில்லை. சட்டியை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். வைத்த சாமியைப் பெயர்க்கக் கூடாது.

தோட்டத்தை அடைந்தபோது காயெடுப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. பெண்கள் குனிந்த தலை நிமிராமல் சோலைமலையை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். காய் உலர்த்தும் ஸ்டோரின் கூரை மேல் புகை எழும்பியது. அடுப்பு வாசலில் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தான் மொக்கச்சாமி. மடியில் வெட்டரிவாள். அவன் தம்பி பால்பாண்டி விறகு பிளந்துகொண்டிருந்தான். இன்னும் இரண்டு பங்காளிகள் சுவரில் சாய்ந்து நின்றார்கள்.

"வாப்பா பினாங்குக்காரரே," என்றான் மொக்கச்சாமி. "சாமிய அங்ஙன குடி வச்சிட்டு இங்ஙன என்ன சோலி?"

சோலைமலைக்குப் புரியவில்லை. மொக்கச்சாமி தேவாரத்து ஆள் சொன்னதை வரி பிசகாமல் சொன்னான். மாடி, சட்டி, விளக்கு. சொல்லச் சொல்லச் சோலைமலையின் காது மடல் சிவந்ததைச் செல்லத்தாய் பக்கத்தில் நின்று பார்த்தாள். அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அவள் காலில் விழுந்திருப்பாள்.

மொக்கச்சாமி லேசுப்பட்டவன் இல்லை. சோலைமலையின் முகத்தைப் பார்த்தே அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குரலைத் தாழ்த்தி, பெரிய மனது பண்ணுகிறவன் போலச் சொன்னான்.

"ஆம்பள அறியாமப் பொம்பள எடுத்த மண்ணு வெறும் மண்ணுதான்டா. முறையில அது சேராது. ஒனக்குத் தெரியாம அவ செஞ்சான்னு ஒரு வார்த்த சொல்லு. நம்ம வழக்கப்படி எங்க கண்ணு முன்னால அவ முடியப் பிடிச்சு நாலு சாத்து சாத்து. இப்பவே எந்திரிச்சு வீட்டுக்குப் போயிர்றேன். தோட்டம் ஒன்னோடது."

செல்லத்தாய் கொண்டையை அவிழ்த்துவிட்டாள். அடிக்கு அவள் தயாராகிவிட்டாள். அடித்துவிட்டால் தீர்ந்தது. தோட்டம் கிடைக்கும், ஊர் கிடைக்கும், இவன் வாக்கும் பொய்யாகாது. மனதுக்குள் அடி, அடி என்று அவனைக் கெஞ்சினாள்.

சோலைமலை அவிழ்ந்த முடியைப் பார்த்தான். பிறகு பங்காளிகள் ஒவ்வொருவரையும் பார்த்தான்.

"முடியக் கட்டு," என்றான் அவளிடம். மொக்கச்சாமியிடம் திரும்பி, "மண்ணு எடுக்கச் சொன்னது நான். வைக்கச் சொன்னதும் நான்," என்றான்.

ஸ்டோருக்குள் விறகு வெடிக்கும் சத்தம் கேட்டது. இவ்வளவு காலமும் ஒரு பொய் சொல்லாத வாய் அது என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். பொய் என்பதும் தெரியும். ஆனால் ஆண்மகன் தன் வாயால் சொல்லிவிட்டான். அதற்கு மேல் பேச்சில்லை. தோட்டம் போயிற்று.

அத்தோடு விட்டிருக்கலாம். பால்பாண்டிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. கோடரியைத் தோளில் சாய்த்துக்கொண்டு சிரித்தான்.

"மதினி சாமிய மட்டுமா அங்ஙன விட்டுட்டு வந்துச்சு? எந்தச் சீனாக்காரன் வீட்டு மாடியோ."

சோலைமலை பாய்ந்ததை யாரும் பார்க்கவில்லை. அடுப்பு வாயில் பாதி எரிந்து நீட்டிக்கொண்டிருந்த கட்டையை உருவிப் பால்பாண்டியின் வாய் மேலேயே ஒரு அடி. பற்கள் உடைந்த சத்தம் தெளிவாகக் கேட்டது. தீப்பொறி சிதறி அவன் மார்பு முடி பொசுங்கியது. கோடரி நழுவி விழ, சோலைமலை அவனைக் கழுத்தோடு தள்ளிக்கொண்டு போய் ஸ்டோருக்குள் அடுப்புச் சூட்டில் கொதித்துக்கொண்டிருந்த இரும்புக் குழாயில் முகத்தைச் சேர்த்து அழுத்தினான். பால்பாண்டி போட்ட ஓலத்தில் பள்ளத்தில் காயெடுத்த பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். தசை வெந்த நாற்றம் ஏலக்காய் வாசத்தோடு கலந்து வந்தது.

மொக்கச்சாமி பின்னாலிருந்து வெட்டினான். அரிவாள் சோலைமலையின் தோள்பட்டையில் இறங்கி எலும்பில் மாட்டிக்கொண்டது. அதை இழுத்து மறுபடி ஓங்கினான். அப்போது செல்லத்தாய் கரி வாரும் நீளக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து அவன் மணிக்கட்டில் இறக்கினாள். கை ஒடிந்து தொங்கியது. அரிவாள் சாம்பலில் விழுந்தது. அவள் நிறுத்தவில்லை. முழங்காலில் ஒன்று, விலாவில் ஒன்று. மொக்கச்சாமி மண்ணில் உருண்டான். சுவரோரம் நின்ற இரண்டு பங்காளிகளும் ஓரடி முன்னால் வைத்து, அவள் கம்பியைத் திருப்பிய வேகத்தைப் பார்த்து அப்படியே நின்றார்கள்.

"போதும்," என்றான் சோலைமலை. பால்பாண்டியை விட்டுவிட்டு வெளியே வந்தான். இடது கை முழுக்க ரத்தம் வழிந்து விரல் நுனியில் சொட்டியது. கீழே கிடந்த அண்ணனைப் பார்த்துச் சொன்னான்: "தோட்டம் ஒனக்குத்தான்ணே. சொன்ன சொல்லு சொன்னதுதான். எம் பொண்டாட்டியப் பத்தி இந்த மலையில இனி எவனும் பேசப்படாது."

மொக்கச்சாமி கிடந்தபடியே தலையை மட்டும் அசைத்தான். போலீசு, கோர்ட்டு என்று போகிற குடும்பம் இல்லை அது.

இறங்கும் பாதையில் செல்லத்தாய் முந்தானையைக் கிழித்து அவன் தோளை இறுக்கிக் கட்டினாள்.

"அடிச்சிருக்கலாம்ல மச்சான்," என்றாள். "ஒங்களுக்கு அந்த ஊரு ஆகாதே."

அவனுக்கு வலித்தது, காட்டிக்கொள்ளவில்லை.

"எனக்குத் தெரியாமச் செஞ்சது தப்பு," என்றான் அவன். "அதுக்கு நான் வீட்டுக்குள்ள கேப்பேன். அவுக முன்னால கேக்க மாட்டேன்."

வீட்டுக்குள் அவன் கேட்கத்தான் போகிறான் என்பது அவளுக்குத் தெரியும். எந்த வீடு என்பதும் தெரியும், பினாங்கில் கடைக்கு மேலே இருக்கும் அந்த மாடியறை. அவள் ஆசைப்பட்ட ஊர்தான். இப்போது அந்த ஊரை நினைத்தால், தெருவில் பலகை அடைக்கிற சத்தம்தான் அவள் காதில் விழுந்தது.

குரங்கணியில் காப்பிக்கொட்டை மூட்டை லோடு ஏற்றிக்கொண்டிருந்த லாரிக்காரன் காசிமாயன் தெரிந்தவன். சோலைமலையின் வேட்டியெல்லாம் ரத்தமாக இருந்ததைப் பார்த்து வண்டியை விட்டு இறங்கி ஓடி வந்தான். என்ன ஆச்சு அண்ணே என்று பதறினான்.

"ஒண்ணுமில்லப்பா. வெளியூர் போறோம்ல, பங்காளிமார்கிட்டச் சொல்லிக்கிட்டு வர்றேன்," என்றான் சோலைமலை. "கொஞ்சம் வெரசா எடு."

செல்லத்தாய் முதலில் ஏறி, அவன் நல்ல கையைப் பிடித்து மேலே தூக்கிவிட்டாள். கடைவீதி வழியாக லாரி போனபோது இருவரும் மூட்டைகளின் மேல் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார்கள்.