ஏரிக்கரை மேட்டில் மாப்பிள்ளை கார்

பேண்டு வாத்தியக்காரர்கள் அடுத்த பாட்டை எடுத்தபோது சிவப்புக் காரின் அடியிலிருந்து கருகல் நாற்றம் வந்தது. பட்டாசு என்றுதான் ராஜகோபால் முதலில் நினைத்தார். விடிந்தால் மகளுக்குக் கல்யாணம். அப்படிப்பட்ட சாயங்காலத்தில் ஒரு தகப்பனுக்கு மூக்கு வேலை செய்வதே பெரிய விஷயம்.

அந்தக் காரை அவர் ஆசைப்பட்டுக் கொண்டுவரவில்லை. "மாப்பிள்ளை அழைப்புக்கு உங்க முதலாளியோட ஸ்போர்ட்ஸ் கார் வரும்ல, மாமா?" என்று தேவானந்தம் போனில் கேட்டான். மாப்பிள்ளை கேட்டால் அது கேள்வியா என்ன? ஜெயஸ்ரீக்கு ஏற்கெனவே ஒரு நிச்சயம் முறிந்திருந்தது. செம்பாக்கத்தில் அது தெரியாதவர்கள் கைக்குழந்தைகள் மட்டும்தான். இதுவும் கைநழுவிப் போனால் பெண் மறுபடி அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வாள், இந்தத் தடவை திறக்கமாட்டாள் என்று அவர் பயந்தார். முதலாளி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று காரை இரவல் வாங்கினார். கூடவே டிரைவர் லோகுவும் வந்தான்.

லோகு கோயில் வாசலிலேயே சொல்லிவிட்டான். "சார், இதுக்கு கிளட்ச் மிதியே கெடையாது. உள்ள ரெண்டு கிளட்ச் கீது, வண்டியே மாத்தி மாத்திப் புடிச்சுக்கும். பறக்கறதுக்குச் செஞ்ச வண்டி. பேண்டு பின்னாடி நடக்க வுட்டா ரெண்டும் வெந்துடும். கொஞ்சம் போய், நியூட்ரல்ல நிறுத்தி, ஆறவுட்டு ஆறவுட்டுப் போலாம்."

மாலைக்குள்ளிருந்து தேவானந்தம் சிரித்தான். "எறக்கி வச்சு எறக்கி வச்சுப் போறதுக்கு இது என்ன பாடையா?"

நண்பர்கள் விசிலடித்தார்கள். ராஜகோபாலும் சிரித்து வைத்தார். பெண்ணைக் கொடுக்கிறவன் வேறென்ன செய்வான்? ஆனால் சிரித்த வாயை உடனே கழுவ வேண்டும் போலிருந்தது.

கத்திரி வெயில் இறங்கியும் தார் ரோடு கொதித்தது. ஆடுகிற நண்பர்கள் நகர்ந்தால் கார் ஓரடி நகரும், நின்றால் நிற்கும். நடுநடுவே "உறும விடுப்பா" என்று மாப்பிள்ளை லோகுவின் தோளைத் தட்டினான். ஏரிக்கரை மேட்டில் பிரேக் போடவும் விடவில்லை. ஆக்சிலேட்டரிலேயே வண்டியைத் தாங்கி நிறுத்தச் சொன்னான், ஊருக்குச் சத்தம் கேட்க வேண்டுமாம். மேட்டின் தலைக்கு வந்ததும் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. கார் ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு நின்றது.

"ஹீட்டாயிடுச்சு சார். செத்த நேரம் வுட்டா தானா சரியாயிடும்," என்றான் லோகு.

தேவானந்தம் ஜன்னல் வழியே தலையை நீட்டினான். "முதல் மாப்பிள்ளையும் இப்படித்தான் பாதியில நின்னானா, மாமா?"

பேண்டுச் சத்தத்தையும் மீறி அது நாலு பேருக்குக் கேட்டது.

"மண்டபம் இதோ தெரியுது. ஒரு கை குடுங்க, போயிடலாம்," என்றான் தேவானந்தம்.

ராஜகோபால் பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். தம்பியும் மைத்துனரும் ஓடிவந்து பின்னால் தோள் கொடுத்தார்கள். மாப்பிள்ளையின் நண்பர்கள் போட்டோவுக்காக ஒரு நிமிடம் கை வைத்துவிட்டு மறுபடி ஆடப் போனார்கள். அவர் இடது ஜன்னலோரம் பிடித்துத் தள்ளினார். உள்ளங்கை தகரத்தில் சுட்டது. மூச்சு வாங்கியது.

பாதி வழியில் அந்தச் சிவப்பு விளக்கு அணைந்ததை அவரும் பார்த்தார். அப்பாடா என்றிருந்தது.

"ஆறிடுச்சு சார். எடுக்கவா?" லோகு கேட்டான்.

வீடியோக்காரனைப் பார்த்துச் சிரித்தபடியே தேவானந்தம் சொன்னான்: "வேணாம். தள்ளட்டும். இப்பவே பழகட்டும்."

லோகு திடுக்கிட்டு ராஜகோபாலைப் பார்த்தான். தேவானந்தமும் பார்த்தான், அவர் காதில் விழுந்தது தெரிந்தும் சிரிப்பு அப்படியே இருந்தது. இவன் கையிலா என் பெண்ணைப் பிடித்துக் கொடுக்கப் போகிறேன்? ஒரு வார்த்தை போதும், எல்லாவற்றையும் இங்கேயே நிறுத்திவிடலாம். அவர் வாயைத் திறந்தார்.

"அப்பா!"

மண்டபத்து மாடியில் தோழிகளின் நடுவே ஜெயஸ்ரீ நின்றிருந்தாள். அங்கிருந்து பார்த்தால் அவர் காரோடு பெருமையாக நடந்துவருவது போலத்தான் தெரிந்திருக்கும். அந்த நிச்சயம் முறிந்ததிலிருந்து அவள் பல் தெரியச் சிரித்து அவர் பார்த்ததில்லை. இப்போது சிரித்தாள். கையை ஆட்டினாள், வளையல்கள் முழங்கை வரை சரிந்தன.

ராஜகோபால் ஒரு கையை எடுத்து அவளுக்கு ஆட்டினார். இன்னொரு கை தள்ளிக்கொண்டிருந்தது.