தூக்குகிற காற்று

கஸ்பரின் உயிருக்கு விலை மூன்று தகரம். அதிலும் ஒன்று துருப்பிடித்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அவர் சவப்பெட்டியைத் தொழிலாளர் லயத்து வாசலில் இறக்கியதும், தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு யோகேஸ்வரன் கதவை மறித்து நின்றார்.

"சிசிலியக்கா, நேரா மாதா கோயிலுக்கே கொண்டு போயிருவோம். இந்தச் சுவரு விழுந்தா யாரு பொறுப்பு?"

"முப்பது வருசமா விழாம நின்னுச்சே, அதுக்கு யாருங்க பொறுப்பு?" என்றாள் சிசிலி. "எம்புருசன் அவரு வீட்டுல இருந்துதான் போகணும். ஒரு ஜெபம் சொல்ற நேரம் போதுங்க."

வீடு என்று அவள் சொன்னதில் நாலு சுவர்தான் மிச்சம். முந்தாநாள் பின்னேரம் சுழல்காற்று ஆற்றுப் பள்ளத்திலிருந்து ஏறி, தேயிலை மலையில் ஒரு பாதை உழுது, கோழிக்கூடுகளை லிந்துலைப் பக்கம் அனுப்பிவைத்து, லயத்தில் ஐந்து காம்பரா வீடுகளின் கூரையைக் கழற்றிக்கொண்டு, துரை பங்களாவை மட்டும் மரியாதையாகச் சுற்றிப் போயிருந்தது. காற்றுக்கும் உத்தியோகம் தெரியும் போல.

ஆடிக் காற்றுக்கு இந்த லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. கூரை மரத்தில் கயிறு கட்டி, அடங்கும்வரை ஆளுக்கொரு கயிற்றில் தொங்குவார்கள். அது தள்ளுகிற காற்று. ஆள் பாரம் போதும். இது தூக்குகிற காற்று. "கயித்த விட்டுட்டு ஓடு, புள்ள!" என்று கஸ்பர் கத்தினார். சிசிலி விட்டாள். அவர் விடவில்லை. மூன்று தகரக் கூரை அவரையும் தூக்கிக்கொண்டு போய்க் கல்லில் போட்டது.

லிந்துலையில் கடை வைத்திருக்கும் பைஸர் நாநா லொறித் தார்ப்பாயோடு வந்து இறங்கினார்.

"வழி விடுங்க கண்டாக்கையா. எனக்குக் கடன் குடுத்தவன் எத்தன பேரு! சுவர எம்மேல விழ விடுவானுங்களா?"

யாரோ சிரித்து, பாதியில் நிறுத்தினார்கள். யோகேஸ்வரன் விலகினார்.

தார்ப்பாயைக் கட்ட மரமில்லை. நாலு பேர் மூலைக்கு ஒருவராக நின்று கையால் உயர்த்திப் பிடித்தார்கள். மழை மேலே கொட்டியது. ஜெபம் முடிந்தும் சிசிலி எழவில்லை. யாரும் அவளை எழுப்பவுமில்லை.

"ஜொய்சிக்குச் சொல்லியாச்சாக்கா?" பக்கத்துக் காம்பரா பூரணி மெல்லக் கேட்டாள்.

"போன் டவர் விழுந்து கெடக்கே. மக குவைத்துல யாரு வீட்டுத் துணியவோ தொவச்சிக்கிட்டு இருப்பா, அப்பா நல்லாருக்காருன்னு நெனச்சிக்கிட்டு."

பிடித்திருந்தவர்களின் முழங்கை வழியாகத் தண்ணீர் ஒழுகியது. சிசிலி அதைப் பார்த்தாள்.

"பாவம், கை வலிக்கும். பெட்டிய எடுங்க."

அடக்கம் முடிந்து வந்தபோது, கூரை போனவர்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். சோற்றுப் பார்சல் கொடுத்துக்கொண்டிருந்த கிராம சேவகர் புதியவர், நிமிராமல் கேட்டார்.

"ஒங்க வீட்டில எத்தின பேர்?"

"ரெண்டு பேருங்க."

பின்னால் நின்ற பூரணி அவள் தோளைத் தொட்டாள்.

சிசிலி ஒரு மூலையில் பாயை விரித்து உட்கார்ந்தாள். வாங்கியது இரண்டு. பிரித்தது ஒன்று. மிச்சம் ஒன்று.