எள்ளும் நெய்யும்

நாக்கை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள் பேத்தி தேனருவி, நுனியில் ஆகுமா ஆகாதா என்று பார்க்க வைத்த கடுகளவு எள் விழுது, விழுங்கலாமா என்று டாக்டரம்மாவை ஒரு கண்ணாலும் என்னை மறு கண்ணாலும் கேட்கிறாள், முழுங்கு தங்கம் என்கிறாள் என் மகள் பூங்கோதை, இன்று எள் உடம்பை ஒன்றும் செய்யவில்லையென்றால் நாளைக்கே பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகளோடு வட்டமாக உட்கார்ந்து சோற்றை மாற்றி மாற்றித் தின்னலாம், விழுங்கிவிட்டாள், பாளையங்கோட்டையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, வெளியே ஒரு பஸ்கூட ஹாரன் அடிக்கவில்லை, அன்றும் இப்படித்தான் எல்லாம் நின்றது, அவளுக்கு இரண்டு வயது, எள்ளுருண்டை தின்று ஒருமுறை தடித்ததிலிருந்து எள் ஆகாது, எள் ஆகாது என்று சாதிசனம் அத்தனைக்கும் தமுக்கடித்திருந்தேன், மாப்பிள்ளையின் அக்கா சொர்ணம் இட்லியைப் பிசைந்து ஊட்டுகிறாள், ஊட்டிய கையை எடுக்கவில்லை, உதடு பணியாரமாகிறது, பணியாரம் பூசணிக்காயாகிறது, கண்கள் கன்னத்துக்குள் குடிபோகின்றன, மூச்சு ரயில் மாதிரி கூவுகிறது, என்னத்தக் குடுத்தே தாயி என்று அலறுகிறேன், ஐயோ மாமா, எள்ளுதானே ஆவாதுன்னிய, பொடிகூடத் தொடலியே, நல்லெண்ணெயில்லா ஊத்துனேன், என்று நெஞ்சிலடித்துக்கொள்கிறாள், எள்ளும் நெய்யும் சேர்ந்தால் எண்ணெய், வகுப்பு வகுப்பாகக் கரும்பலகையில் பிரித்துக் காட்டிய தமிழ் வாத்தியார் நான், சொல்லைப் பிரிக்கலாம், இந்த ஊர்ச் சோற்றிலிருந்து எள்ளை யார் பிரிப்பது, பிள்ளை பிழைத்து வந்ததும் அதே சொர்ணம் ஜோசியரைப் பார்த்துவிட்டு ஓடிவருகிறாள், ஏ பூங்கோதே, சனிதோசமாம், பிள்ளை கையால எள்ளு வெளக்குப் போடணுமாம், பூங்கோதை சிரிக்கிறாள், அழுகையை நிறுத்தாமலே சிரிக்கிறாள், அதன்பிறகு வந்த கனவுகளில் எல்லாம் நான் பேத்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு எள்ளுக் காட்டுக்குள் ஓடுகிறேன், காடு தென்காசி தாண்டி மலையேறுகிறது, எறக்கி விடு தாத்தா என்கிறாள், எங்கே இறக்கிவிட, ஒரு சாண் வெறுந்தரை இல்லை,

அஞ்சு வயசுக்குள்ள சில பிள்ளைகளுக்குச் சரியாயிரும், பாப்போம், என்று அன்று டாக்டரம்மா சொன்ன அந்தப் பாப்போமை வைத்துத்தான் மூன்று பேரும் இதுவரை மூச்சு விட்டோம், அவரே இப்போது குனிந்து கேட்கிறார், பாப்பா, வாய்க்குள்ள எதுவும் செய்யுதா, இல்லையென்று தலையாட்டுகிறாள், கழன்று விழுந்துவிடும் போல ஆட்டுகிறாள், நாக்கைப் பல்லில் வைத்து ரகசியமாகத் தேய்ப்பது தாடையில் தெரிகிறது, அரிக்குதா தங்கம், இல்ல தாத்தா, நல்லாருக்கு, இன்னுங் கொஞ்சம் குடுக்கச் சொல்லு, சொல்லிவிட்டு வாயை இறுக்கிப் பூட்டிக்கொள்கிறாள், எங்கே நாக்கை நீட்டு பாப்போம் என்கிறார் டாக்டரம்மா, ஊசிக்காக நர்ஸிடம் கையை நீட்டிக்கொண்டே, நீட்டமாட்டேன் என்று பேத்தி தலையை ஆட்ட ஆட்ட, பூட்டிய வாயின் மேலுதடு மெல்லத் தடிக்கிறது.