ஏழு பன்றிகளும் ஒரு முத்திரையும்

எலியூத்தின் வலது முழங்கால் மூன்று வருடங்களாக ஆடிக்கொண்டிருந்தது. ஷேலா நகர வேதாகமக் கல்லூரியில் சேர்ந்த அன்று ஆரம்பித்தது. கிரேக்க வகுப்பில் ஆடும், ஜெபத்தில் ஆடும், தூக்கத்தில்கூட ஆடுவதாகக் கீழ்க்கட்டில் அப்தியாஸ் புகார் சொல்வான்.

ஊரில் எலியூத்தின் சபைக்கு மேய்ப்பர் இல்லை. சபையார் அவசரப்பட்டு ‘பாஸ்டர் எலியூத்’ என்று நீலப் பெயிண்டில் பலகை எழுதி, வாசலில் மாட்டி, படமும் அனுப்பிவிட்டார்கள். பட்டம் வாங்க ஒரே ஒரு முத்திரைதான் பாக்கி. ஆறு கிராமச் சபைகளில் பிரசங்கம் செய்ய வேண்டும்; ஒவ்வொரு சபையின் செயலாளரும் படிவத்தில் மதிப்பெண் போட்டு முத்திரை குத்தித் தர வேண்டும். ஐந்து வந்தாயிற்று. ஆறாவதைத் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குள் கொடுக்காவிட்டால் அடுத்த வருடமும் கிரேக்கம்.

ஐந்துக்கும் ஒரே பிரசங்கம்தான். வேதாகம உவமைதான்: சொத்தை வாங்கிக்கொண்டு வீட்டை விட்டுப் போய், எல்லாம் தொலைத்து, பன்றி மேய்த்துத் திரும்பிய இளைய மகன். போனான், இழந்தான், வந்தான். பிரசங்கக் கலை ஆசிரியர் மாதிரிக்காகக் கரும்பலகையில் எழுதிப் போட்டது. அது மாதிரிதான் என்பதை வகுப்பே ஒருமனதாக மறந்திருந்தது.

“ஆறாவது லாஸ் சிப்ரெசெஸ் மலைக்கிராமமா? நல்ல ஜனங்கடா,” என்றான் அப்தியாஸ். “போன மாசம் போனேன். சாப்பாடு பிரமாதம்.”

“நீ என்ன பிரசங்கம் பண்ணினே?”

அப்தியாஸ் பல் தேய்க்கப் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை சபை வாசலில், “ஸ்தோத்திரம் பிரதர்,” என்று வரவேற்ற ஒராலியாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அவள்தான் சபைச் செயலாளர். “இன்னிக்கும் பன்னி மேய்ச்ச பையன்தானே? சும்மா கேட்டேன். இந்த வருஷம் ஒம்பது வாட்டி ஆச்சு. நீங்க பாட்டுக்குச் சொல்லுங்க.”

பாட்டு முடியும்வரை பெஞ்சில் அவன் முழங்கால் ஆடியதில் பக்கத்திலிருந்தவரின் பாட்டுப் புத்தகம் கீழே விழுந்தது. அவனிடம் வேறு பிரசங்கம் இல்லை.

மேடையேறினான். “முதலாவதாக...” என்றான்.

“போனான்,” என்றது சபை.

“இரண்டாவதாக...”

“இழந்தான்.”

முன்வரிசைக்காரர் ஒருவர் கண்ணைத் திறக்காமலே, “வந்தான், ஆமென்,” என்று முடித்துவைத்தார். நாற்பது நிமிடப் பிரசங்கம் ஆறு நிமிடத்தில் கரை சேர்ந்தது. மீதி நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல், “யாருக்காவது கேள்வி இருக்கா?” என்று கேட்டுவிட்டான். பிரசங்கியாரைக் கேள்வி கேட்கிற வழக்கம் அந்த மலையில் கிடையாது. ஒராலியா எழுந்தாள்.

“அந்தப் பையன் எந்திரிச்சு அப்பா வீட்டுக்குப் போயிட்டான். சரி. அன்னிக்குச் சாயங்காலம் பன்னிங்களுக்கு யாரு தீனி வெச்சா?”

யாரும் சிரிக்கவில்லை. அங்கே வீட்டுக்கு வீடு பன்றிப் பட்டி.

“நக்கல்னு நினைக்காதீங்க பிரதர். எங்க வேலையாள் செவ்வாக்கிழமை வடக்க எல்லை தாண்டிப் பொழைக்கப் போறேன்னு வாளியை அப்படியே வெச்சுட்டுக் கிளம்பிட்டான். அதான். முன்னாடி வந்தவங்களையும் சாப்பிடறப்ப கேட்டுப் பாத்தேன். அது உவமைன்னாங்க.”

எலியூத் கரும்பலகையை நினைத்துப் பார்த்தான். அதில் பன்றிகளைப் பற்றி எதுவும் எழுதியிருக்கவில்லை.

“தெரியல சிஸ்டர்,” என்றான்.

ஆராதனை முடிந்ததும் ஒராலியா அவனை வீட்டுக்குக் கூட்டிப்போனாள். “முத்திரை உள்ள இருக்கு. நான் குத்தி எடுத்துட்டு வரேன், நீங்க அதுக்குள்ள இந்த வாளித் தீனியைப் பன்னிங்களுக்கு ஊத்துங்க. கடைசி பஸ் ஒண்ணரைக்குத்தான்.”

ஏழு தடுப்பு, ஏழு பன்றி. எலியூத் கழுத்துப்பட்டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். நாலாவது பன்றிக்கு ஊற்றும்போது அவள் வந்து, படிவத்தைத் தடுப்புச் சுவர்மேல் வைத்து, கல்லைத் தூக்கி வைத்தாள். எழுபது மதிப்பெண். தேர்ச்சிக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. “வழியில சாப்பிட சோளமாவுத் தமால் கட்டித் தரேன்,” என்று உள்ளே போனாள்.

மேலே சாலையில் பஸ் ஹாரன் அடித்தது. மணி ஒன்று பத்துதான்.

எலியூத் படிவத்தைப் பிடுங்கிக்கொண்டு மேட்டில் ஓடி ஏறினான். ஜன்னலோர இடம்கூடக் கிடைத்தது. கீழே மூன்று பன்றிகள் கத்தின. முழங்கால் ஆடி முன்சீட்டை இடித்தது. பஸ் நகர்ந்தது.

“நிறுத்துங்க, இறங்கணும்.”

“இப்பத்தானே ஏறினீங்க பாஸ்டர்?” என்றார் கண்டக்டர்.

“மூணு பாக்கி இருக்கு.”

கண்டக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. இறக்கிவிட்டார்.

ஒராலியா தமால் பொட்டலத்தோடு வெளியே வந்தபோது அவன் கடைசி வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தான்.

“பஸ்ஸு?”

“போயிடுச்சு.”

அவள் அவனையும் தடுப்புகளையும் எண்ணுவதுபோலப் பார்த்தாள். “அந்தப் படிவத்தைக் குடுங்க.” கருத்துப் பகுதியில் என்னவோ எழுதினாள். “காலையில நாலு மணிக்கு என் கொழுந்தன் முட்டைக்கோஸ் லாரி ஷேலா போகும். பஞ்சர் ஆகலன்னா எட்டுக்குள்ள சேர்ந்துடலாம்.”

“ஆகுமா?”

“போன வாரம் ஆச்சு.”

திங்கட்கிழமை எட்டடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, தோளில் முட்டைக்கோஸ் இலை ஒட்டிய கோட்டோடு எலியூத் கல்லூரி அலுவலகத்தில் நின்றான். எழுத்தர் முத்திரையைச் சரிபார்த்தார், காகிதத்தை மோந்து பார்த்தார், பிறகு கருத்துப் பகுதியைச் சத்தமாகப் படித்தார்.

“பிரசங்கம் பழசு. பன்றிகள் ஏழும் சாப்பிட்டன.” மூக்குக்கண்ணாடியை இறக்கினார். “என்ன தம்பி இது, உவமையா?”

“இல்லைங்க,” என்றான் எலியூத். “பன்னிங்கதான்.”