அரை ஆள் பங்கு

தாமார் கெட்டிக்காரி. அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அவள் குடியைக் கெடுத்தது என்று யாராவது சொன்னால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். பிள்ளை பசியில் சுருண்டு கிடக்கையில் பெற்ற வயிறு சும்மா இருக்குமா?

வர்ஜீனியாவில் பெரிய துரையின் புகையிலைத் தோட்டத்தில் நானும் அவளும் ஒரே குடிசை. அவள் என் அண்ணன் பெண்டாட்டி. அண்ணன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டான். மிச்சம் அவர்கள் மகள் சூக்கி. வயலில் இறங்குகிறவர்களுக்குத்தான் கங்காணி சோள மாவும் உப்புக்கறியும் அளப்பான். சின்னதுகளுக்கு மரத்தொட்டியில் கூழை ஊற்றுவார்கள், அவ்வளவுதான். முந்துகிறது குடிக்கும், பிந்துகிறது தொட்டியை வழிக்கும். சூக்கி எப்போதும் வழிக்கிற கூட்டம். பத்து வயதானால்தான் வயலில் இறக்கி அரை ஆள் பங்கு அளப்பார்கள்.

அடிமைப் பிள்ளை என்றைக்குப் பிறந்தது என்று எந்தத் துரை நினைவு வைத்திருக்கிறான்? கங்காணியும் ஊருக்குப் புதுசு. தாமார் துணிந்து அவனிடம் போனாள். “பத்து முடிஞ்சிருச்சுங்க. அப்பன மாதிரி குள்ளம், அதான் தெரியல.”

சூக்கிக்கு அப்போது ஏழு. அவளுக்கும் பாடம் நடந்தது.

“கேட்டா என்ன சொல்லுவ?”

“பத்துங்க! ஒரு வரிசைப் புழுவ நானே பொறுக்கிருவேங்க!”

“அடி ஆத்தி, இவ நாளைக்கே மாப்பிள்ள கேப்பா போலருக்கே,” என்றேன் நான். தாமார் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து சூக்கிக்கு அரை ஆள் பங்கு வந்தது. புகையிலையில் புழு பொறுக்க அவள் தடுமாறினால், கங்காணி அந்தப் பக்கம் திரும்புகிற நேரமாகப் பார்த்துத் தாமார் கை கொடுப்பாள். பிள்ளைக்குக் கன்னத்தில் சதை வைத்தது.

அந்த வருடமே பெரிய துரை செத்தார். மண்ணும் அதற்கு முன்பே செத்திருந்தது. மகன்கள் இருவரும் நிலத்தோடு எங்களையும் பிரித்துக்கொண்டார்கள். சின்ன துரைக்குப் பருத்திப் பைத்தியம். அலபாமாவில் காட்டை வெட்டி விதைத்தால் போதும், ராஜா ஆகிவிடலாம் என்று அலைந்தான். அவன் பங்கில் நான். தாமாரை மூத்தவன் பெண்டாட்டி விடவில்லை, தறிக்கு வேண்டுமாம். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் தாயோடு இருக்கட்டும், அதற்கு மேலே உள்ளதில் வேண்டியதைச் சின்னவன் எடுத்துக்கொள்ளட்டும் என்று பேச்சு. இரக்கமாம்!

இந்தப் பேச்சு எங்கள் காதுக்கு வரும் முன்பே பிள்ளைகளை முற்றத்தில் நிறுத்திவிட்டார்கள். தாமார் தறி வீட்டில் இருந்தாள். நான் கொட்டகையிலிருந்து வந்து சேர்ந்தபோது சின்ன துரை சூக்கி முன்னால் நிற்கிறான்.

“ஒனக்கு எத்தன வயசு?”

“பத்துங்க! ஒரு வரிசைப் புழுவ நானே பொறுக்கிருவேங்க!”

துரை சிரித்தான். “சூட்டிகையான பொண்ணு,” என்று அவளை வண்டிப் பக்கம் தள்ளினான்.

யாரோ சொல்லித் தாமார் ஓடி வந்தாள், தலைத்துணி அவிழ்ந்து விழ. “பொய்ங்க எசமான்! மாவுக்காகச் சொன்ன பொய்ங்க! ஏழுதாங்க, பல்லப் பாருங்க!” பிள்ளையின் வாயைப் பிளந்து காட்டினாள்.

கங்காணி சொன்னான்: “மாவு அளக்கறப்ப பத்து, வண்டியேறச் சொன்னா ஏழா? ஒங்க வாயில எதடி உண்மை?”

நானும் கத்தினேன். “சத்தியமா ஏழுதாங்க! இந்தக் கையாலதான் அவளுக்குத் தொப்புள் கொடி அறுத்தேன்!”

“நீ அவ நாத்தனார். வேற என்ன சொல்லுவ?” என்றான் கங்காணி.

துரை எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. “தின்ன பங்குக்கு வேலை செய்யட்டும்,” என்று போய்விட்டான். நாசமாய்ப் போக.

சூக்கிக்கு ஒன்றும் விளங்கவில்லை. “அம்மா, நீ சொன்ன மாதிரிதான சொன்னேன்?”

“சரியாச் சொன்ன என் தங்கம்,” என்றாள் தாமார். “ரொம்பச் சரியாச் சொன்ன.” அதைச் சொல்ல அவளுக்கு எங்கிருந்து தெம்பு வந்ததோ. என்னிடம் மட்டும், “ராத்திரி தூக்கத்துல ஒதைப்பா சில்வி, கோவிச்சுக்காத,” என்றாள்.

வண்டிக்குப் பின்னால் நடந்தே அலபாமா வந்தோம். வழியெல்லாம் உதைத்தாள். நான் கோபிக்கவில்லை.

இங்கே காட்டை எரித்த சாம்பலிலேயே பருத்தி. வெடித்த காயின் ஓடு விரலைக் கிழிக்கும். சாயங்காலம் பையை நிறுப்பார்கள், எடை குறைந்தால் சாட்டை. யாரும் பார்க்காதபோது என் பையிலிருந்து அள்ளி அவள் பையில் போடுவேன். அப்படியும் அடி வாங்கினாள்.

முதலில் சில நாள் என்னை அம்மா என்று வாய் தவறிக் கூப்பிடுவாள். “நான் அத்தடி! ஒங்கம்மா தாமார்!” என்று அதட்டுவேன். மறுவருடப் பருத்தி எடுப்பில், “எங்கம்மா மூஞ்சி எப்படி இருக்கும் அத்த?” என்று கேட்டாள். நெற்றி, முன்பல் இடைவெளி, இடது புருவத்துத் தழும்பு என்று எல்லாம் சொன்னேன். யாரோ ஒருத்தியைப் பற்றிக் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் ஓடு விரலில் ஆழமாக ஏறிவிட்டது. “அம்மா!” என்று அலறினாள். தாமாரைத்தான் கூப்பிடுகிறாள் என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். திரும்பினால், என்னைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

இந்த முறை நான் அதட்டவில்லை. விரலை என் வாயில் வைத்து ரத்தத்தை உறிஞ்சித் துப்பினேன்.

தாமார் சாகவில்லை. வர்ஜீனியாவில் அந்தத் தறியில்தான் உட்கார்ந்திருப்பாள். இங்கே அவள் பிள்ளை அம்மா என்று கூப்பிடுகிறது. “என்னடி கண்ணு” என்று பதில் சொன்னது நான்.