தொண்டை ஏலம்

சைரன் அக்கா வாயைத் திறந்தால், மீன் ஏலக்கூடத்தின் தகரக் கூரைமேல் உட்கார்ந்திருக்கும் காக்காய்க் கூட்டம் ஒன்றுவிடாமல் பறந்துவிடும். கட்டிவிட்ட கதை இல்லை, போய்ப் பார்த்தவர்களைக் கேளுங்கள். மைக் ஒன்று வாங்கி மாட்டலாம் என்று கூடத்து மேனேஜர் ஒருமுறை சொல்லப்போக, "எனக்கா? மைக்கா?" என்று அவள் கேட்ட கேள்வியிலேயே அந்த யோசனை செத்துப்போயிற்று. படகு வந்து பெட்டிகள் இறங்கியதும் காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு மேலே ஏறி நிற்பாள். விலை ஏறும். ஏறிப்போய் நின்ற இடத்தில், "ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்!" என்று ஓங்கிய கையை இறக்குவாள். கை இறங்கினால் முடிந்தது, மீன் கைமாறிவிட்டது. அதற்குமேல் எவன் வந்து குதித்தாலும் நடக்காது.

அந்தத் தொண்டையில்தான் புற்று வந்து உட்கார்ந்தது. அக்கிரமம் இல்லையா? உடம்பில் வேறு இடமா கிடைக்கவில்லை அதற்கு?

முதலில் குரல் கம்மியது. ஐஸ் காற்று என்றாள். அப்புறம் விழுங்கும்போது குத்தியது. முள் என்றாள். கடைசியில் மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் நிறுத்தினாள். டாக்டரம்மா ஒரு தாளில் தொண்டையை வரைந்து, பேனாவால் வட்டம் போட்டுக் காட்டினார்.

"குரல்வளையை முழுசா எடுக்கணும்மா. கழுத்துல ஒரு துளை வெப்போம், அப்புறம் அது வழியாத்தான் மூச்சு. இந்தக் குரல் திரும்பி வராது. கருவி வெச்சுப் பேசப் பழகலாம், ஆனா அது வேற மாதிரிதான் இருக்கும். எடுத்தா பொழைக்கிறதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு. எடுக்கலைன்னா மருந்தும் கதிர்வீச்சும் குடுத்துக் கொஞ்ச காலம் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். உங்க உடம்பு, உங்க முடிவு. வீட்டுல பேசிட்டு அடுத்த வாரம் வாங்க."

"பேச என்ன இருக்கு? வேண்டாம்," என்று எழுந்துவிட்டாள் சைரன் அக்கா.

வீட்டில் அன்றைக்கு நடந்த சண்டையில் அக்கம்பக்கத்துக்காரர்கள் டிவியை அணைத்துவிட்டுக் கேட்டார்கள். மகள் பள்ளிக்கூட டீச்சர். அழுதுகொண்டே அதட்டத் தெரிந்தவள்.

"உயிரைவிடக் குரல் பெருசாம்மா உனக்கு?"

"ஆமாடி. குரல் இல்லாம நான் யாரு? காலிப் பெட்டி."

"அக்கா சொல்றதுதான் சரி. கத்தி பட்டா பரவிடும்னு சொல்றாங்க," என்றான் தம்பி. அவன் ஏலக்கூடத்தில் எடை போடுகிறவன். அக்கா எதைச் சொன்னாலும் சரி என்பதுதான் அவனுடைய ஒரே கொள்கை.

"யாரு சொன்னாங்க? டாக்டரா சொன்னாங்க? உங்க தராசா சொல்லுச்சு?" என்று மகள் மாமன்மேல் பாய்ந்தாள்.

இத்தனைக்கும் நடுவில் சைரன் அக்காவின் வீட்டுக்காரர் மூலையில் உட்கார்ந்து ரப்பர் பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். கூடத்துக்குப் பின்னால் இருக்கும் ஐஸ் ஃபேக்டரியில் கட்டி உடைக்கிற மெஷினோடு வாழ்ந்து காதைத் தொலைத்த மனுஷர். இடி விழுந்தாலும் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். ஆனால் ஒரு விஷயம்: பெண்டாட்டியின் குரல் மட்டும் அவருக்குக் கேட்கும். அவள் ஏதாவது சொன்னால், "கேக்குது, கத்தாதே" என்பார். உலகத்தில் அந்த மனுஷர் காதுக்குள் நுழைகிற ஒரே சத்தம் தன்னுடையதுதான் என்று அவளுக்கு ஏகப்பட்ட பெருமை. ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள்.

வேண்டாம் என்றதற்கு உண்மையான காரணம் அதுதான். ஏலத்தை யாராவது போட்டுவிட்டுப் போகட்டும். குரலை வெட்டிப் போட்டுவிட்டால் இந்த மனுஷரிடம் பேச யார் இருக்கிறார்கள்? இதைச் சொன்னால் மகள் இன்னும் அழுவாள் என்று வாயைத் திறக்கவில்லை. அதிசயம்தான், அவள் வாயைத் திறக்காத ஒரே விஷயம் இது.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு போடு போட்டாள். "சரி. ஒரே ஒரு நாள் வாயைத் திறக்காம இருந்து பாரு. அப்படியே ஏலத்தையும் நடத்து. முடியலைன்னா ஆபரேஷன் பேச்சையே நான் எடுக்கல."

சைரன் அக்காவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. தோற்கிறதுக்கு இதைவிட நல்ல வழி உண்டா? "சரிடி. நாளைக்கே," என்றாள். வீட்டுக்காரரிடம் அப்புறம் கத்திச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தவள் மறந்தே போனாள்.

மறுநாள் கூடத்தில் அவள் வாயைத் திறக்காமல் நின்றதும் ஆளாளுக்குக் கிண்டல். "என்னக்கா, வாயில பசையா?" "அக்காவை யாரோ மாத்தி வெச்சுட்டாங்கப்பா!" கூரைமேல் காக்காய்கள் அசையவில்லை. அவளுக்குப் பதிலாகத் தம்பி பெட்டிமேல் ஏறினான். ஏறின உடனே அவன் குரல் கீழே இறங்கிவிட்டது. முன்வரிசையில் நிற்பவனுக்கே காதில் கொசு பறந்த மாதிரிதான் இருந்தது.

இதற்காகவே காத்திருந்த மாதிரி முன்னால் வந்தார் அரைவிலை. பெரிய வியாபாரி, எந்த மீனைக் காட்டினாலும் பாதி விலையில் ஆரம்பிப்பார் என்பதால் அந்தப் பேர். அன்றைக்கு ஒரு படகுக்காரர் சூரை மீன் ஒன்று கொண்டுவந்திருந்தார். ஆள் நீளம். ராத்திரி முழுக்கப் போராடிப் பிடித்தது, உள்ளங்கை கிழிந்து கட்டுப் போட்டிருந்தார்.

"நேத்து மீனு. கண்ணு மங்கிருச்சு பாருங்க," என்று அடிமாட்டு விலை ஒன்றைச் சொன்னார் அரைவிலை. பின்னால் நின்றவர்களுக்குத் தம்பியின் குரலும் கேட்கவில்லை, விலையும் கேட்கவில்லை. யாரும் கூட்டவில்லை.

"ஒரு தரம்..." என்றான் தம்பி பரிதாபமாக.

சைரன் அக்கா சும்மாதான் நின்றாள். தோற்கத்தானே வந்திருக்கிறாள்? மீன் போனால் போகட்டும். மகள் தோற்றாள், நாம் ஜெயித்தோம், வீட்டுக்குப் போகலாம்.

"ரெண்டு தரம்..."

படகுக்காரர் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டு தலையைக் குனிந்தார். அரைவிலை சிரித்தார். அந்தச் சிரிப்புதான் வினையாகப் போயிற்று. நேற்று மீனாம், கண் மங்கிவிட்டதாம்! சைரன் அக்காவுக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. பக்கத்தில் கிடந்த காலிப் பெட்டியைத் தூக்கி ஈரத் தரையில் போட்டாள் பாருங்கள், கூடமே திரும்பியது. காக்காய்கள் பறந்தன.

தம்பியைக் காதைப் பிடித்து இறக்கிவிட்டு மேலே ஏறினாள். குனிந்து மீனின் செவுளை விரித்தாள். பச்சை ரத்தச் சிவப்பு. பின்வரிசைக்காரன் வரைக்கும் எட்டிப் பார்த்தான். மீனின் கண்ணைச் சுட்டிக் காட்டினாள். அப்புறம் அரைவிலையின் கண்ணைச் சுட்டிக் காட்டினாள். எது மங்கியது என்று உதட்டைப் பிதுக்கிக் கேட்டாள். கூடம் கொல்லென்று சிரித்தது. அவர் சொன்ன விலையை விரலில் காட்டி, ஈயை ஓட்டுவது மாதிரி ஓட்டிவிட்டாள்.

ஹோட்டல்காரர் ஒருவர் விரலை உயர்த்தினார். அவள் கை ஏறியது. இன்னொருவர் உயர்த்தினார். கை இன்னும் ஏறியது. அரைவிலை ரோஷத்தில் கூட்டினார். அவள் இடுப்பில் கை வைத்து, அவ்வளவுதானா என்று புருவத்தைத் தூக்கினாள். அந்தப் புருவத்துக்கு மட்டும் இரண்டு பேர் விலை ஏற்றினார்கள். கடைசியில் ஹோட்டல்காரர் சொன்ன விலைக்கு மேலே யாரும் போகவில்லை. சைரன் அக்கா ஒரு விரலைத் தூக்கினாள்.

"ஒரு தரம்!" யார் ஆரம்பித்தது என்று தெரியாது. மொத்தக் கூடமும் கத்தியது.

இரண்டு விரல்.

"ரெண்டு தரம்!"

ஓங்கிய கை இறங்கியது. "மூணு தரம்!" என்ற சத்தத்தில் தகரக் கூரை அதிர்ந்தது. படகுக்காரர் கிழிந்த கையை மறந்துவிட்டுக் கைதட்டினார், வலியில் கத்தினார், மறுபடியும் தட்டினார். அக்கா பெட்டியிலிருந்து இறங்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. அட பாவி, ஜெயித்துத் தொலைத்துவிட்டோமே! ஆனால் பொய் சொல்லக்கூடாது, நெஞ்சு பூரித்துத்தான் போயிருந்தது.

சாயங்காலம் அதே யோசனையோடு வீட்டுக்குள் நுழைந்தாள். ஏலம் சரி. இந்த மனுஷர்? பாருங்கள், அவர் ஈர பூட்ஸை நடு வாசலில் கழற்றிப் போட்டிருக்கிறார். கோடி முறை சொல்லியாயிற்று. பூட்ஸைக் காட்டினாள், மூலையைக் காட்டினாள், கண்ணை உருட்டினாள். வாயிலிருந்து ஒரு எழுத்து வரவில்லை.

"கேக்குது, கேக்குது. கத்தாதே," என்றபடி அவர் பூட்ஸை எடுத்து மூலையில் வைத்தார்.

சைரன் அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். அவர் திரும்பி டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். பந்தயமாவது ஒன்றாவது. முதுகுக்குப் பின்னால் போய் நின்று, மிச்சமிருந்த குரலையெல்லாம் திரட்டிக் கத்தினாள்.

"ஏங்க!"

மனுஷர் நிதானமாகத் தண்ணீரைக் குடித்தார்.

தோளைப் பிடித்துத் திருப்பினாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. டம்ளரைக் கீழே வைத்தார்.

"எத்தனை நாளா?" என்றாள்.

"நாளா? வருஷக்கணக்கா ஆச்சு."

"என் குரல் மட்டும் கேக்கும்னு..."

"அதுவும் போயிருச்சு. நீதான் அதை ஊரெல்லாம் பெருமையா சொல்லிட்டிருந்தே. எப்படிச் சொல்றது? சொன்னா ஒடஞ்சு போயிருவே."

"அப்ப நான் பேசுறதெல்லாம் எப்படிங்க தெரியுது?"

"நீ பேசுறதே கையாலயும் மூஞ்சியாலயும்தான். வாய் சும்மா கூட ஓடுது."

அவளுக்கு அழுகை வந்தது, சிரிப்பு வந்தது, ஒரு அறை விடலாமா என்றுகூட வந்தது. மூன்றையும் ஒரே நேரத்தில் செய்யப் பார்த்து இருமல் வந்துவிட்டது. அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"உனக்காகத்தாங்க வேண்டாம்னேன், மனுஷா," என்றாள், மரியாதையும் உரிமையும் குழம்பிப்போய்.

"பைத்தியமா உனக்கு?" என்றார் அவர். "எனக்கு நீ வேணும். சத்தம் எதுக்கு? சத்தத்தை வெச்சுக்கிட்டு நான் என்ன செய்யப்போறேன்?"

அடுத்த வாரம் டாக்டரம்மா கேட்டதும் மகளும் தம்பியும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள். சைரன் அக்கா மேஜையில் தட்டி இரண்டு பேரையும் அடக்கினாள். கரகரத்த குரலில், கூடத்தில் நிற்பது மாதிரி நிமிர்ந்து நின்று சொன்னாள்.

"ஒரு தரம். ரெண்டு தரம். மூணு தரம்!" கையை ஓங்கி இறக்கினாள். "குடுத்தாச்சு. தொண்டை உங்களுக்கு, மிச்சம் எனக்கு. நல்லபடியா எடுங்க."

எடுத்தார்கள். வெட்டிய ஓரமெல்லாம் சுத்தமாக இருக்கிறது, புற்று மிச்சமில்லை என்று டாக்டரம்மா வந்து சொன்னபோது மகள் ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். கதிர்வீச்சும் முடிந்தது. அதில் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை, அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினாள்.

கழுத்துத் துளைமேல் மெல்லிய துணி கட்டிக்கொண்டு அவள் கூடத்துக்குத் திரும்பிய அன்று, அரைவிலைதான் முதல் ஆளாகப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார். "ஏறுங்கக்கா. நீங்க இல்லாம ஏமாத்துறதுலகூட ருசி இல்ல," என்றார். அவள் ஏறினாள். புருவம் ஏறியது, விலை ஏறியது. முதல் பெட்டி மீன் "ரெண்டு தரம்" வரைக்கும் வந்து நின்ற நேரம், ஐஸ் இன்னும் வரவில்லை என்பதைக் கவனித்தாள்.

பின்பக்கம் திரும்பினாள். மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நிற்பவன் பேசினால்கூடக் கேட்காது. தூரத்தில் வீட்டுக்காரர் மண்வெட்டியோடு நின்றார், கண் மட்டும் இவள்மேல். சைரன் அக்கா ஒரு கையை மட்டும் வீசினாள், சத்தமே இல்லாமல்.

மெஷினையும் தாண்டி அவர் போட்ட கூச்சல் கூடம் முழுக்கக் கேட்டது.

"கேக்குது, கேக்குது! கத்தாதே!"

கூடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சைரன் அக்காவும் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஓங்கிய கையை இறக்கினாள், மூணு தரம் என்று கூடமே கத்தியது, கூரைமேல் ஒரு காக்காய் மிச்சமில்லாமல் பறந்துபோயிற்று.