எங்கள் மடைக்கு எந்த அட்டை

அட்டைகளை எழுதியவள் நானே என்பதை முதலில் பணிவுடன் ஒப்புக்கொள்கிறேன். திண்டுக்கல்லில் எங்கள் கல்லூரி நடத்திய ‘உலக அரசியலில் நாகரிகங்கள்’ கருத்தரங்கிற்காக, கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று அப்பணியை எனக்குத் தந்தார்கள். மேலை நாகரிகம், இஸ்லாமிய நாகரிகம், இந்து நாகரிகம் என்று அழகாகவே எழுதினேன். எந்த அட்டை யார் முன் வைக்கப்படும் என்று கேட்கத் தோன்றவில்லை.

வினோலியா, ஷப்னம், நான் மூவரும் ஆத்தூர்க்காரர்கள். முதுகலை அரசியல் அறிவியல் மாணவிகள். மூவரும் சேர்ந்து ஒரே கட்டுரை எழுதியிருந்தோம். தேர்வானால் டெல்லி மாநாட்டில் வாசிக்கலாம். சென்னையிலிருந்து வந்த நடுவர் எங்கள் பெயர்களைப் பார்த்ததுமே, ஆளுக்கோர் அட்டை வைத்து மூன்று மேசைகளுக்குப் பிரித்து அமர்த்தினார்.

“எங்கப்பா வெண்டிக்காய்க்கு மருந்தடிச்சுக்கிட்டு இருக்காரு. நான் மேலை நாகரிகமாம்ல!” என்றாள் வினோலியா.

“கோட்டுப் போட்டுக்கிட்டா அடிக்கிறாரு?” என்றாள் ஷப்னம், அடுத்த மேசையிலிருந்து.

நடுவர் சிரிக்கவில்லை. “கட்டுரையை மூன்றாகப் பிரித்து, அவரவர் நாகரிகத்தின் சார்பில் பேசுங்கள். இல்லையென்றால் டெல்லி கிடையாது.”

ஷப்னம் என் பக்கம் சாய்ந்தாள். “அறிவு, நீ எந்திரிச்சுச் சொல்லுடி. நான் சொன்னா என் அட்டை பேசுதும்பாரு.”

எழுந்தேன்.

“மன்னிக்கணும் ஐயா. எங்க மூணு வீட்டு வயலுக்கும் ஒரே மடைதான். கடைசியில கெடக்குற வயலுக்குத்தான் முதல் தண்ணி. பேரைப் பார்த்து முறை வைக்கிறதில்ல. அந்த மடைக்கு எந்த அட்டைய வைக்கட்டும்?”

“இது உலக அரசியல், அம்மா. வயல் வரப்பு இல்லை.”

“எங்க வரப்புக்கும் உலக அரசியல் வந்துச்சு ஐயா. நாகரிகம் இல்லாதவங்கன்னு எங்க எல்லாரையும் ஒரே அட்டையில எழுதித்தான் வெள்ளைக்காரங்க ஆண்டாங்க. இப்ப மூணு அட்டை. எழுதச் சொல்றவங்க வேற ஆளு, அம்புட்டுத்தான்.”

அவர் பேனாவைத் திறந்து எங்கள் பெயர்களை அடித்தார். டெல்லிக்கென்று அம்மா வாங்கி வைத்திருந்த புதுப் பெட்டி நினைவுக்கு வந்தது. ஆயினும் நான் அமரவில்லை. என் மேசையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். மறுமுனையை வினோலியா பிடித்தாள். மூன்று மேசைகளும் ஒரு மூலையில் ஒட்டி நின்றன.

ஒலிபெருக்கியை அணைத்தார்கள். கட்டுரையை முதல் வரியிலிருந்து வாசித்தேன். என் குரல் கம்மியபோது ஷப்னம் தொடர்ந்தாள். மின்விசிறி எட்டாத அந்த மூலையில், எங்கள் இருவருக்கும் வினோலியா மேலை நாகரிகத்தை எடுத்து விசிறிக்கொண்டிருந்தாள்.